கீர்க்கேகார்ட் மறுத்த திருவிருந்து

தமிழ்ச் சிற்றிதழ்கள் இருத்தலியலைப் பற்றி எழுதத் தொடங்கிய நாட்களிலிருந்தே சோரன் கீர்க்கேகார்ட் என்ற பெயர் நமக்குப் பழக்கம். சார்த்தர், காம்யு, ஹைடெக்கர் என்று நீளும் வரிசையில் முதல் பெயராக அவரைச் சொல்லிவிட்டு, அவர் கிறிஸ்தவர் என்பதைப் போகிறபோக்கில் குறிப்பிட்டு நகர்ந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. முன்னோடிகளை வாசிக்காமலே மரியாதை செய்வதற்கு இது நல்ல வழி. ஆனால் தம் எழுத்து முழுவதும் ஒரே கேள்வியைச் சுற்றி வந்தது என்று அவரே விளக்கி எழுதிவைத்திருக்கிறார். ஒரு மனிதன் கிறிஸ்தவனாக ஆவது எப்படி என்பதே அந்தக் கேள்வி. பிறக்கும் எல்லோருமே கிறிஸ்தவர்களாகப் பதிவு செய்யப்படும் ஒரு நாட்டில் அதைக் கேட்டதுதான் அவருடைய வாழ்க்கையின் சிக்கல். கடைசி ஆண்டில் அவர் தத்துவம் எழுதவில்லை. செய்தித்தாளிலும் துண்டுப் பிரசுரத்திலும் தம் நாட்டுத் திருச்சபையோடு சண்டை போட்டார். அந்தச் சண்டையின் நடுவில் இறந்தார்.

அவர் பெயரைத் தமிழில் பலர் பலவிதமாக எழுதுகிறார்கள். டேனிஷ்காரர்கள் உச்சரிப்பது ஏறக்குறைய கியர்க்ககோர் என்று காதில் விழும். இங்கே பழகிய வடிவத்தையே வைத்துக்கொள்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் கோயில் முற்றம், அதாவது கல்லறைத் தோட்டம். யட்லாந்தின் மேற்குப் பகுதியில் கோயில் நிலத்தை ஒட்டிய பண்ணையில் வாழ்ந்ததால் குடும்பத்துக்கு வந்த பெயர் அது.

அந்தப் பண்ணை வறுமையானது. சோரனின் தந்தை மிகயேல் சிறுவனாக இருந்தபோது பொட்டல்வெளியில் ஆடு மேய்த்தார். ஒருநாள் பசியும் குளிரும் தாளாமல் ஒரு மேட்டில் ஏறி நின்று கடவுளைச் சபித்தார். பிறகு கோபன்ஹேகனில் இருந்த மாமனிடம் அனுப்பப்பட்டு, கம்பளித் துணி வியாபாரத்தில் வளர்ந்து, நாற்பது வயதில் தொழிலை விட்டு ஓய்வுபெறும் அளவுக்குப் பணக்காரர் ஆனார். 1813ல் டென்மார்க் அரசே திவாலாகி ஏராளமான குடும்பங்கள் அழிந்தபோது அவருடைய செல்வம் பெரும்பாலும் காப்பாற்றப்பட்டது. சபித்தவனைத் தண்டிக்காமல் கடவுள் வாரி வழங்கிக்கொண்டே போனது மிகயேலுக்கு ஆறுதல் தரவில்லை. தண்டனை எங்கோ காத்திருக்கிறது என்ற பயத்தைத்தான் தந்தது. எண்பது வயதிலும் அவர் அந்த மேட்டை மறக்கவில்லை.

இன்னொரு உறுத்தலும் இருந்தது. முதல் மனைவி குழந்தையில்லாமல் இறந்த மறு ஆண்டு, வீட்டில் பணிப்பெண்ணாக இருந்த ஆனேயை மணந்தார். திருமணமாகி ஐந்து மாதம் ஆவதற்குள் முதல் குழந்தை பிறந்தது. ஏழு குழந்தைகளில் கடைசியாக 1813 மே 5ஆம் தேதி சோரன் பிறந்தபோது தந்தைக்கு வயது 56. தம் பிள்ளைகள் யாரும் கிறிஸ்துவின் வயதான 33ஐத் தாண்டமாட்டார்கள் என்று அவர் நம்பினார். 1834 முடிவதற்குள் ஐந்து பிள்ளைகள் போய்விட்டார்கள், தாயும் போய்விட்டார். மிஞ்சியவர்கள் மூத்த மகன் பீட்டரும் கடைக்குட்டி சோரனும்தான். தமக்கு 34 வயது முடிந்தபோது சோரன் உண்மையிலேயே ஆச்சரியப்பட்டார். பிறந்த தேதியைப் பதிவேட்டில் சரிபார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

இந்த வீட்டின் பக்திக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஞாயிறு காலை யாக்கோப் மின்ஸ்டரின் பிரசங்கம். படித்தவர்களுக்கும் வசதியானவர்களுக்கும் பிடித்த, மொழி நயமும் அமைதியும் கொண்ட பிரசங்கி அவர். 1834ல் தலைநகரின் பேராயராகவும் ஆனார். 1828ல் சோரனுக்குத் திடப்படுத்தல் செய்துவைத்தவரும் அவரே. மாலையில் மொராவிய சகோதரர்களின் கூட்டம். அங்கே கைவினைஞர்களும் கடைக்காரர்களும் கூடி, இரத்தமும் காயமுமாகத் தொங்கும் கிறிஸ்துவைப் பற்றிப் பாடினார்கள். (இதே மொராவியர்கள் 1760ல் நம் தரங்கம்பாடிக்கும் வந்து குடியேறியவர்கள். 1706ல் அங்கே வந்து சேர்ந்த சீகன்பால்குவை அனுப்பியதும் இந்த டேனிஷ் அரசுதான். சோரனுக்கு 32 வயதாகும்போது, 1845ல், தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.) காலையில் கேட்ட கிறிஸ்தவமும் மாலையில் கேட்ட கிறிஸ்தவமும் ஒன்றுதானா என்ற சந்தேகம் அந்தப் பையனுக்கு எப்போது வந்தது என்று யாராலும் தேதி குறிக்க முடியாது. வந்த பிறகு போகவேயில்லை.

அன்றைய டேனிஷ் திருச்சபை எப்படி இயங்கியது என்பதைச் சொல்லாவிட்டால் அவருடைய கோபம் விளங்காது. லூத்தரன் திருச்சபை அரசின் ஓர் உறுப்பாக இருந்தது. போதகர்களை நியமிப்பவர் மன்னர். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அவர்களுடைய பதிவேட்டில்தான் ஏறும். குழந்தைக்கு ஞானஸ்நானம் கட்டாயம். 1736லிருந்து திடப்படுத்தலும் கட்டாயம். அது இல்லாதவன் மணம் செய்துகொள்ள முடியாது. ஆகவே பதினான்கு பதினைந்து வயதில் ஒவ்வொருவனும் ஆண்டவர் முன் நின்று தன் விசுவாசத்தை அறிக்கையிட்டான். அவன் விசுவாசித்தானா என்று கேட்பதற்கு அந்த ஏற்பாட்டில் இடமில்லை. 1840களில் ஞானஸ்நான சபையார் தங்கள் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தபோது, குழந்தைகளை வலுக்கட்டாயமாகத் தூக்கிவந்து கொடுக்கலாம் என்று உத்தரவு வந்தது. பேராயர் மின்ஸ்டர் அந்தக் கொள்கையை ஆதரித்தார். அதைச் செய்யமாட்டேன் என்று மறுத்த கிராமத்துப் போதகர்களில் ஒருவர் சோரனின் அண்ணன் பீட்டர். வேலை போகும் நிலை வந்தும் அவர் அசையவில்லை. பின்னால் தம்பிக்கு எதிராக அவர் நின்றதை மட்டுமே நினைவில் வைத்திருப்பவர்கள் இதையும் நினைக்க வேண்டும். 1849ன் அரசியல் சட்டம் மன்னரின் முழு அதிகாரத்தை முடித்துவைத்தது. அரச திருச்சபை மக்கள் திருச்சபை என்று பெயர் பெற்றது. போதகர்கள் அரசு ஊழியர்களாகவே தொடர்ந்தார்கள்.

சோரன் இறையியல் படிப்பைப் பத்து ஆண்டுகள் இழுத்தார். காப்பிக் கடை, நாடக அரங்கு, தையற்காரர், புத்தகக் கடை எனத் தந்தையின் காசைச் செலவழித்தார். 1838ல் தந்தை இறந்த பிறகுதான், அவருக்கு அது கடன் என்று நினைத்துத் தேர்வெழுதி 1840ல் முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் ரெகினே ஓல்சனோடு நிச்சயதார்த்தம் நடந்தது. அடுத்த ஆண்டே மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இந்தக் காதல் கதையைப் பலரும் விரிவாக எழுதிவிட்டார்கள். நமக்கு வேண்டியது ஒன்றுதான். திருமண நாளில் வாயால் சொல்ல வேண்டிய வாக்குறுதியைத் தம் மன நோய், தந்தையின் ரகசியம் ஆகியவற்றை மறைத்துக்கொண்டு சொல்ல அவரால் முடியவில்லை. சடங்குக்காக ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போக முடியாத மனிதர் என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கான விலையைப் பெரும்பங்கு கொடுத்தவர் ரெகினே என்பதையும் மறைக்கக் கூடாது. அவர் 1847ல் ஃப்ரித்ஸ் ஷ்லேகல் என்பவரை மணந்தார்.

அடுத்த பத்து ஆண்டுகளில் எழுதியவை ஒரு தனி மனிதரின் வேலை என்று நம்புவது கடினம். 1843ல் மட்டும் 'அல்லது - அல்லது', 'அச்சமும் நடுக்கமும்', 'மறுநிகழ்வு' ஆகியவை வெவ்வேறு புனைபெயர்களில் வந்தன. கூடவே சொந்தப் பெயரில் சிறிய பக்திச் சொற்பொழிவுகளும் வந்தன. உலகம் புனைபெயர் நூல்களை வலது கையால் வாங்கிக்கொண்டு சொற்பொழிவுகளைக் கண்டுகொள்ளவில்லை என்பது அவருடைய வருத்தம். தமிழ் வாசகர்களாகிய நாமும் அதையேதான் செய்திருக்கிறோம்.

'அச்சமும் நடுக்கமும்' ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போன கதையைப் பற்றியது. அதில் ஓரிடம் உண்டு. ஒரு போதகர் ஞாயிற்றுக்கிழமை ஆபிரகாமைப் புகழ்ந்து பிரசங்கம் செய்கிறார். கேட்டவர்களில் ஒருவன் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தானும் தன் மகனைக் கடவுளுக்குக் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறான். விஷயம் தெரிந்ததும் போதகர் ஓடிவந்து, பிரசங்க மேடையில் ஒருநாளும் வராத ஆவேசத்தோடு அவனைத் திட்டுகிறார். கொலைகாரப் பைத்தியம் என்கிறார். தாம் ஞாயிற்றுக்கிழமை சொன்னதைத்தானே அவன் செய்யப் போனான் என்பது அவருக்கு உறைக்கவேயில்லை. சிரிப்பை வரவழைக்கும் கதைதான். ஆனால் கீர்க்கேகார்டின் பிற்காலச் சண்டை முழுவதும் இதற்குள் விதையாக இருக்கிறது. பிரசங்கம் செய்பவருக்கும் கேட்பவருக்கும் இடையில், சொல்லப்படுவதை யாரும் செய்யமாட்டார்கள் என்று எழுதப்படாத ஓர் உடன்படிக்கை இருக்கிறது.

1854ல் தம் நாட்குறிப்பில் இதே எண்ணத்தை வாத்துகளின் கதையாக எழுதினார். வளர்ப்பு வாத்துகள் ஞாயிறுதோறும் கூடுகின்றன. ஒரு மூத்த ஆண் வாத்து, படைத்தவர் தங்களுக்குச் சிறகுகள் கொடுத்த மகத்தான நோக்கத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறது. எல்லா வாத்துகளும் தலை வணங்குகின்றன. கூட்டம் முடிந்ததும் தத்தித் தத்தி நடந்தே வீட்டுக்குப் போகின்றன. நன்றாகத் தின்று கொழுக்கின்றன. பண்டிகைக்கு அறுபடுகின்றன. பறக்க வேண்டும் என்ற வேதனையில் இளைத்துப்போன ஒன்றிரண்டு வாத்துகளைப் பார்த்து மற்றவை, சிறகைப் பற்றி அதிகம் யோசித்தால் இதுதான் கதி என்று பேசிக்கொள்கின்றன.

சடங்கை இகழ்வது தமிழ் மரபுக்குப் புதிதல்ல. சிவவாக்கியரை அறிந்தவர்களுக்கு இந்தக் குரல் உடனே பிடித்துப்போகும். ஆனால் கீர்க்கேகார்ட் சடங்கே வீண் என்று சொன்னவர் இல்லை. கோபன்ஹேகனின் தேவமாதா ஆலயத்தில் வெள்ளிக்கிழமைகளில் திருவிருந்து ஆராதனை நடக்கும். ஞாயிறுபோலக் கூட்டம் இருக்காது. வெளியே தெருவில் வண்டிகள் ஓடும் சத்தம், உள்ளே தோர்வால்சன் செதுக்கிய கைவிரித்த கிறிஸ்து சிலை, சில பத்துப் பேர். யாரும் பார்க்கவேண்டும் என்பதற்காக வராத அந்தச் சிலரோடு திருவிருந்து எடுப்பது அவருக்கு மிகவும் விருப்பமானது. 1847லும் 1848லும் அந்த ஆராதனைகளில் அவரே பேசியும் இருக்கிறார். கிராமத்துப் போதகராகிவிடலாம் என்ற ஆசை அவருக்குப் பலமுறை வந்து போயிற்று. பிற்காலத்தில் அவர் திருவிருந்தை மறுத்ததன் கனம் இதை வைத்துத்தான் புரியும்.

1846ல் 'கோர்சார்' என்ற கேலிப் பத்திரிகை அவரைக் குறிவைத்தது. வம்புக்கு இழுத்தவர் அவரேதான். ஆனால் கிடைத்தது எதிர்பார்த்ததைவிட அதிகம். கூன் முதுகும், ஒன்று நீளமும் ஒன்று குட்டையுமான கால்சட்டையுமாகக் கேலிச்சித்திரங்கள் வந்தன. தினமும் நடந்து, சந்திப்பவர்களிடமெல்லாம் பேசுவதையே வாழ்வின் இன்பமாகக் கொண்டிருந்தவருக்குத் தெருவே பகையாயிற்று. சிறுவர்கள் பின்னால் வந்து கத்தினார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் ஒருவரும் அவருக்காகப் பேசவில்லை. மின்ஸ்டரும் பேசவில்லை. ஒரு கிறிஸ்தவ நகரத்தில் ஒருவன் கேலிக்கு ஆளாகும்போது எல்லோரும் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதை அவர் உள்ளிருந்து பார்த்தார்.

1850ல் 'கிறிஸ்தவத்தில் பயிற்சி' வெளிவந்தது. அதில் பேராயரின் பெயர் இல்லை. ஆனால் கிறிஸ்துவைப் பின்பற்றுவது ஒன்று, தூர நின்று வியப்பது இன்னொன்று என்று அந்த நூல் பிரித்துக் காட்டியது. அழகான பிரசங்கம் கேட்டுக் கண்ணீர் விடுபவர்கள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவர்கள் என்றது. புனிதமானவற்றோடு விளையாட்டு என்று மின்ஸ்டர் கருதியது ஆசிரியர் காதுக்கு எட்டியது. இருவரும் சந்தித்துப் பேசினார்கள். மரியாதையாகவே பேசினார்கள். கீர்க்கேகார்ட் எதிர்பார்த்தது பெரிய விஷயமில்லை. நாம் போதிப்பதும் வாழ்வதும் புதிய ஏற்பாட்டின் கிறிஸ்தவம் அல்ல, அதன் இளக்கிய வடிவம் என்று பேராயர் ஒருமுறை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒப்புக்கொண்டால் அருளை நாடலாம், திருச்சபையும் இருக்கலாம். தந்தை மதித்த மனிதர் என்பதால் மூன்று ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்தார். மின்ஸ்டர் ஒன்றும் சொல்லாமலே 1854 ஜனவரி 30ஆம் தேதி இறந்துபோனார்.

அடுத்த ஞாயிறு நினைவுப் பிரசங்கம் செய்தவர் ஹான்ஸ் மார்ட்டென்சன். இறையியல் பேராசிரியர். ஒரு காலத்தில் கீர்க்கேகார்டுக்குத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தவர். அப்போஸ்தலர் காலம் தொடங்கி நீளும் சத்திய சாட்சிகளின் சங்கிலியில் மின்ஸ்டரும் ஒருவர் என்று அவர் புகழ்ந்தார். இரங்கல் உரைகளில் சொல்லப்படும் வழக்கமான மிகைதான், யாரும் பொருட்படுத்தியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கீர்க்கேகார்ட் ஆண்டுக்கணக்காகத் தம் நூல்களில் ஒரே பொருளில் பயன்படுத்தி வந்திருந்தார். சத்திய சாட்சி என்றால் வறுமையில் வாழ்ந்து, அவமானப்பட்டு, அடிபட்டு, கடைசியில் கொல்லப்பட்டவர். மின்ஸ்டர் நல்லவர், திறமையானவர், அரச விருதுகளோடு பேராயர் மாளிகையில் முதுமையடைந்து இறந்தவர். இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் சொல்லுக்கே அர்த்தம் போய்விடும்.

உடனே பதில் எழுதினார். ஆனால் வெளியிடவில்லை. அடுத்த பேராயரைத் தேர்ந்தெடுக்கும் நேரம், அதில் மார்ட்டென்சனின் பெயரும் அடிபட்டது. தாம் எழுதுவது அந்தப் போட்டியின் பகுதியாகத் தோன்றக் கூடாது என்று நினைத்தார். மார்ட்டென்சனே பேராயரானார். 1854 டிசம்பர் 18ஆம் தேதி, மின்ஸ்டர் இறந்து ஏறக்குறைய பதினொரு மாதம் கழித்து, 'ஃபேத்ரலாண்டெட்' நாளிதழில் அந்தக் கட்டுரை வந்தது. நகரம் அதிர்ந்தது. இறந்தவரைத் தாக்குகிறான் என்பதுதான் பொதுவான முதல் எதிர்வினை. அதை நியாயமற்ற குற்றச்சாட்டு என்று என்னால் சொல்ல முடியவில்லை. மின்ஸ்டர் உயிரோடு இருந்தபோது எழுதியிருந்தால் பதில் சொல்லும் வாய்ப்பு அவருக்கு இருந்திருக்கும். மார்ட்டென்சன் ஒரே ஒருமுறை கடுமையாகப் பதில் எழுதிவிட்டு, பிறகு மௌனமாகிவிட்டார். ஒரு நிறுவனத்துக்குத் தெரிந்த மிகச் சிறந்த பதில் அது.

1855 மே வரை அந்த நாளிதழில் 21 கட்டுரைகள் எழுதினார். பிறகு 'கணம்' என்ற பெயரில் தாமே ஒரு சிறு வெளியீட்டைத் தொடங்கினார். மே 24 முதல் செப்டம்பர் 24 வரை ஒன்பது இதழ்கள் வந்தன. பழைய கீர்க்கேகார்டின் சுற்றி வளைக்கும் நடை இதில் இல்லை. சின்னச் சின்ன வாக்கியங்கள், யாருக்கும் புரியும் எள்ளல். ஆயிரம் அதிகாரிகளுக்குச் சம்பளம் கொடுத்துக் கிறிஸ்துவின் வறுமையைப் போதிக்கச் செய்யும் அரசைக் கேலி செய்தார். பட்டாடை உடுத்திய அரண்மனைப் பிரசங்கியார், சீமாட்டிகளும் பிரபுக்களும் நிறைந்த ஆலயத்தில், உலகத்தில் இழிவானவர்களைக் கடவுள் தெரிந்துகொண்டார் என்ற வசனத்தை உருக்கமாக விளக்குகிறார், ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை என்று எழுதினார். லுட்விக் என்று ஒரு கற்பனை இளைஞனைப் படைத்தார். இறையியல் மாணவனான அவன் எல்லாவற்றுக்கும் முன்பாகத் தேர்வை முடிக்கிறான், முன்பாக வேலைக்கு விண்ணப்பிக்கிறான், முன்பாக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறான், வேலை கிடைத்ததும் முன்பாகச் சம்பளத்தை விசாரிக்கிறான். எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரிந்ததும் வேண்டாம் என்று சொல்லப் பார்க்கிறான். கடைசியில் ஒருவழியாகச் சமாதானமாகிச் சேகரத்தில் பதவியேற்கிறான். அன்று அவனுடைய முதல் பிரசங்கத்தின் தலைப்பு, முதலாவது தேவனுடைய ராஜ்யத்தைத் தேடுங்கள் என்பது.

இந்தச் சண்டையில் தமக்கு வேண்டியது நேர்மை என்ற ஒன்றுதான் என்று 1855 மார்ச்சில் ஒரு கட்டுரையில் தெளிவாக்கினார். இந்தத் தலைமுறை கிறிஸ்தவத்துக்கு எதிராக வெளிப்படையாகக் கலகம் செய்ய விரும்பினால், அது நேர்மையாக நடந்தால், அதற்கும் தாம் துணை நிற்கத் தயார் என்றார். தம்மைக் கிறிஸ்தவன் என்று அவர் அழைத்துக்கொள்ளவில்லை. தாம் கிறிஸ்தவன் இல்லை என்று அறிந்திருப்பதும், மற்றவர்களும் அப்படியே என்று அறிந்திருப்பதும்தான் தமக்கும் அவர்களுக்கும் உள்ள வித்தியாசம் என்றார். இந்த இடத்தைக் கவனிக்காமல் அவரை ஒரு சீர்திருத்தவாதியாகவோ தீர்க்கதரிசியாகவோ ஆக்குபவர்கள் அவரைத் தவறாகப் படிக்கிறார்கள். புதிய சபை ஒன்றைத் தொடங்கும் எண்ணம் அவருக்கு இல்லவே இல்லை.

அரசாங்கப் பொது ஆராதனையில் பங்கெடுப்பதை நிறுத்துங்கள், கடவுளை முட்டாளாக்கும் ஒரு பாவமாவது உங்கள் கணக்கில் குறையும் என்று வாசகர்களுக்குச் சொன்னார். அவரும் நிறுத்தினார். வாழ்நாள் முழுவதும் ஆலயத்துக்குப் போனவர், ஞாயிறு காலை ஆராதனை நேரத்தில் வாசகசாலையில் எல்லோரும் பார்க்க உட்கார்ந்து பத்திரிகை படித்தார்.

அவர் தரப்பில் பலவீனங்கள் இருந்தன. மனைவி மக்கள் இல்லாத, தந்தையின் சொத்தில் வாழ்ந்த, நல்ல உணவும் வாடகை வண்டியும் பழகிய ஒருவர், ஆறு பிள்ளைகளோடு கிராமத்துச் சம்பளத்தில் வாழும் போதகரைப் பிழைப்புவாதி என்று சொல்வது எளிது. கடைசி மாதங்களில் திருமணம், குழந்தை பெறுதல் என எல்லாவற்றையும் கிறிஸ்தவத்துக்கு எதிரானவையாக எழுதும் அளவுக்குக் கசப்பு ஏறியிருந்தது. 'அன்பின் செயல்கள்' எழுதிய அதே கைதானா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தச் சொத்தும் கரைந்துகொண்டிருந்தது. வீட்டை 1847லேயே விற்றாகிவிட்டது. வங்கியில் இருந்த மைத்துனரிடமிருந்து கடைசித் தொகையை வாங்கிவந்த சில நாட்களில் அவர் விழுந்தார்.

அந்த ஆண்டு மார்ச் 17ஆம் தேதி ஒரு சிறு சம்பவம். ரெகினேயின் கணவர் மேற்கிந்தியத் தீவுகளின் டேனிஷ் ஆளுநராக நியமிக்கப்பட்டிருந்தார். கப்பல் ஏறும் நாளன்று ரெகினே தேடிப்போய்த் தெருவில் அவரைக் கண்டு, கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் என்ற பொருளில் மெல்லச் சொல்லிவிட்டுக் கடந்து போனார். அவர் தொப்பியைத் தூக்கி வணங்கினார். பதினான்கு ஆண்டுகளாகத் தெருவிலும் ஆலயத்திலும் பார்த்தும் பேசாமல் இருந்தவர்கள். அந்த மாதம் முழுவதும் அவரைத் திட்டியே எழுதிக்கொண்டிருந்த நகரத்தில் அவருக்குக் கிடைத்த ஆசீர்வாதம் இது ஒன்றுதான் போலும்.

செப்டம்பர் கடைசியில் உடல் தளர்ந்தது. தெருவில் விழுந்தார். அக்டோபர் 2ஆம் தேதி ஃப்ரெடரிக் மருத்துவமனையில் சேர்த்தார்கள். கால்கள் செயலிழந்திருந்தன. 'கணம்' பத்தாவது இதழ் அச்சுக்குத் தயாராக மேசைமேல் கிடந்தது. அண்ணன் பீட்டர் பார்க்க வந்தபோது உள்ளே விடவில்லை. ஜூலையில் ரோஸ்கில்டே போதகர் கூட்டத்தில் பீட்டர் அவருக்கு எதிராகப் பேசியிருந்தார்.

சிறுவயது நண்பர் எமில் போசன் ஹோர்சன்ஸ் என்ற ஊரில் போதகராக இருந்தார். அவர் வந்து பல நாட்கள் கூட இருந்தார். அவர் எழுதிவைத்த குறிப்புகளால்தான் அந்த அறையில் நடந்தது நமக்குத் தெரிகிறது. ஜெபிக்க முடிகிறதா என்று கேட்டார். முடிகிறது, பாவ மன்னிப்புக்காக ஜெபிக்கிறேன் என்றார் நோயாளி. திருவிருந்து வேண்டுமா என்று கேட்டார் போசன். வேண்டும், ஆனால் போதகர் கையால் அல்ல, சாதாரண விசுவாசி ஒருவர் கொடுத்தால் எடுத்துக்கொள்வேன் என்றார். அது நடக்கக்கூடியதல்ல என்றார் நண்பர். அப்படியானால் எடுக்காமலே சாகிறேன் என்றார். அது சரியில்லை என்று போசன் வாதாடிப் பார்த்தார். விவாதிக்க ஒன்றுமில்லை, போதகர்கள் மன்னரின் அதிகாரிகள், மன்னரின் அதிகாரிகளுக்கும் கிறிஸ்தவத்துக்கும் தொடர்பில்லை என்று முடித்துவிட்டார். கேட்டுக்கொண்டு நின்ற நண்பரும் மன்னரின் அதிகாரிதான். அவர்களுக்குள் நட்பு முறியவில்லை.

நவம்பர் 11ஆம் தேதி இரவு இறந்தார். வயது 42.

பிறகு நடந்தது அவர் எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்போம். நவம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை, அதே தேவமாதா ஆலயத்தில், எந்தத் திருச்சபையிலிருந்து விலகுங்கள் என்று சொன்னாரோ அதே திருச்சபையின் முறைப்படி அடக்க ஆராதனை நடந்தது. அண்ணன் பீட்டர் உரையாற்றினார். ஆலயம் நிரம்பி வழிந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் எளிய மக்களும் மாணவர்களும். அசிஸ்டென்ஸ் கல்லறைத் தோட்டத்தில் தலைமைப் போதகர் த்ரூதே மண் போட்டு முடித்ததும், சகோதரி மகன் ஹென்ரிக் லுண்ட் என்ற இளம் மருத்துவர் முன்னால் வந்து பேச ஆரம்பித்தார். போதகருக்கன்றி மற்றவர்களுக்குக் கல்லறையில் பேச உரிமையில்லை என்று தடுத்தார்கள். அவர் நிறுத்தவில்லை. ஒரு கையில் வேதப் புத்தகம், ஒரு கையில் 'கணம்'. வெதுவெதுப்பான சபையைப் பற்றிய வெளிப்படுத்தின விசேஷப் பகுதியை வாசித்தார். உயிரோடிருந்தபோது தம் விருப்பத்தால் வெளியேறிய ஒருவரை, இறந்த பிறகு தன்னுடையவர் என்று திருச்சபை எடுத்துக்கொள்வது என்ன நியாயம் என்று கேட்டார். கூட்டம் குளிரில் கலைந்தது. லுண்டுக்குப் பின்னர் நீதிமன்றம் 100 ரிக்ஸ்தாலர் அபராதம் விதித்தது.

எஞ்சிய கொஞ்சத்தையும் ரெகினேக்கு எழுதிவைத்திருந்தார். நிச்சயதார்த்தம் தமக்குத் திருமணத்துக்குச் சமமாகக் கட்டுப்படுத்துவது என்பது அவர் சொன்ன காரணம். ஷ்லேகல் தம்பதியர் சொத்தை ஏற்கவில்லை, கடிதங்களையும் சில பொருள்களையும் மட்டும் பெற்றுக்கொண்டார்கள். 1856 ஏப்ரலில் அவருடைய நூலகம் ஏலத்தில் போயிற்று. கட்டாய ஞானஸ்நானச் சட்டம் 1857ல் நீக்கப்பட்டது. மார்ட்டென்சன் 1884ல் இறக்கும்வரை ஏறக்குறைய முப்பது ஆண்டு பேராயராகவே இருந்தார்.

பீட்டர் 1856ல் ஆல்போர்க் நகரின் பேராயராக நியமிக்கப்பட்டார். தம்பியின் பெட்டி பெட்டியான காகிதங்கள் கடைசியில் அந்தப் பேராயர் இல்லத்துக்கே வந்து சேர்ந்தன. அவற்றை ஒழுங்குபடுத்த ஒருவரை நியமித்து, 1869 முதல் அச்சேற அனுமதித்தவரும் அவரே. மின்ஸ்டரையும் மார்ட்டென்சனையும் தன்னையும் பற்றித் தம்பி எழுதியவை அவற்றில் இருந்தன. 1875ல் பேராயர் பதவியிலிருந்து விலகினார். அரசு கொடுத்த விருதுகளைத் திருப்பி அனுப்பினார். 1884ல் தம்மை ஒரு சிறுவனுக்குச் சமமாகக் கருதும்படி சட்ட உரிமைகளையும் விட்டுக்கொடுத்தார். நான்கு ஆண்டு கழித்து, மனம் இருண்ட நிலையில், 82 வயதில் இறந்தார்.